அண்ணி வாங்கிய பழைய வண்டிகள்

பாலாற்றுப் பாலத்தின் மேல் ஒரு டிராக்டர் ஊர்ந்து போகிறது. அதன் பின்னால், தடித்த கயிற்றில் கட்டப்பட்டு, ஒரு பழைய லேண்ட்மாஸ்டர் கார் அசைந்து அசைந்து வருகிறது. முன்கண்ணாடி இல்லை. ஒரு பக்கத்து விளக்கு இருந்த இடத்தில் வெறும் பள்ளம். டயர்கள் மட்டும் வேறு ஏதோ வண்டியில் இருந்து கழற்றி மாட்டியவை. உள்ளே, டிராக்டர் புகைக்குச் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அண்ணி உட்கார்ந்திருக்கிறார். நானும் என் கணவரும் ஸ்கூட்டரில் பின்னால் போகிறோம். ஜி.எஸ்.டி. சாலையில் எங்களைத் தாண்டிய பஸ்களின் ஜன்னல்களில் எல்லாம் தலைகள் திரும்பின. ஒரு லாரி கிளீனர் கையைத் தட்டிச் சிரித்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணிக்கு அப்படி எதுவும் இல்லை என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. வார்டில் டியூட்டி பார்க்கிறவரைப் போல முதுகை நிமிர்த்தி, சாலையைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் வந்தார். தொண்ணூறுகளின் பிற்பாதியில் நடந்தது இது. கருங்குழியில் இருந்து செங்கல்பட்டு வருவதற்குள் கயிறு அடிக்கடி அறுந்தது. ஒவ்வொரு முறையும் அவர் இறங்கி, முடிச்சைத் தானே போட்டார்.

அண்ணி என்று நான் சொல்வது என் கணவரின் அக்காவை. நர்ஸ். திருமணம் செய்துகொள்ளவில்லை. அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் கருங்குழிப் பக்கம் ஒரு பெரிய வீட்டின் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அந்தக் குடும்பத்தில் முதலில் படித்ததும், முதலில் விமானம் ஏறியதும் அண்ணிதான். குவைத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தார். தம்பியைப் படிக்க வைத்தார். கார் ஓட்டவும் அங்கேதான் கற்றுக்கொண்டார். அங்கே போர் வந்தபோது, ஊரில் இருந்த எங்களுக்குப் பல வாரம் அவரைப் பற்றித் தகவலே இல்லை. ஒரு நாள் கைப்பை ஒன்றை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். சேர்த்ததெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "பேங்குல பணம் இருந்துது. பேங்குதான் இல்ல."

நானோ செங்கல்பட்டில் ஒரு வங்கியில் வேலை செய்தேன். அதனால் அந்தப் பேச்சு எனக்குச் சற்று உறுத்தியது. ஆனால் அவர் தப்பி வந்த கதையைக் கேட்ட பிறகு வாதாடத் தோன்றவில்லை. அவருடன் வேலை பார்த்த வயதான டாக்டர் ஒருவர் பழைய கார்கள் சேர்க்கிறவராம். உறை போட்டு மூடி, குழந்தையைத் துடைப்பதுபோல் வாராவாரம் துடைப்பாராம். ஊரை விட்டு எல்லோரும் ஓடியபோது, அதில் ஒரு காரில் நர்ஸ்களை ஏற்றிக்கொண்டு பாலைவனத்தைக் கடந்திருக்கிறார். எல்லைக்கு அந்தப் பக்கம் கையில் வைத்திருந்த நோட்டுகளை ஒரு கடைக்காரரும் வாங்கவில்லை. காரைப் பார்த்த ஒருவர் மட்டும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதை விற்றுத்தான் அத்தனை பேருக்கும் சாப்பாடும் பயணச் செலவும். "டாக்டர் அழுதாரு," என்றார் அண்ணி. "ஆனா சாவிய குடுக்க சொல்ல கை நடுங்கல. அத்த நான் பாத்துகினே இருந்தேன்."

போர் முடிந்ததும் மறுபடி குவைத்துக்குப் போய், மறுபடி சம்பாதித்து, இனி போவதில்லை என்று திரும்பி வந்தபோது ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். திருப்போரூர் பக்கம் மனை போடுகிறார்கள், இரண்டு வாங்கிப் போடு என்றார் ஒருவர். தங்கம் என்றார் இன்னொருவர். எங்கள் அணுபுரம் குடியிருப்பில் அப்போது பைனான்ஸ் கம்பெனிப் பித்துப் பிடித்திருந்தது. அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த என் கணவரும், வங்கியில் வேலை பார்க்கிற என்னைக் கேட்காமலேயே, அங்கே கொஞ்சம் போட்டிருந்தார். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். யாரையும் மறுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை கருங்குழிக்குப் போய், அந்தப் பெரிய வீட்டின் மாட்டுக் கொட்டகையில் கிடந்த காரை விலை பேசிவிட்டு வந்தார். அந்த வீட்டுப் பெரியவர் காலமாகி, மகன் எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சென்னைக்குப் போகிற சமயம் அது. காரை எடைக்குப் போட ஆள் வந்து பார்த்திருந்தான். அதற்கு மேல் கொஞ்சம் கொடுத்து அண்ணி வாங்கினார். பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை பொறுத்துத்தான் வண்டியை எடுத்தார்கள்.

எங்கள் உறவுக்காரர்கள் இதைக் கௌரவப் பிரச்சினையாகப் பேசினார்கள். அந்தப் பெரிய வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி நின்ற குடும்பம், இன்று அவர்கள் காரையே வாங்கிவிட்டது என்று சிலருக்குப் பெருமை. நானும் அப்படித்தான் நினைத்தேன். மாமனார் பூரித்துப் போவார் என்று எதிர்பார்த்தேன். செங்கல்பட்டில் அண்ணி கட்டியிருந்த சின்ன வீட்டின் முன்னால் கார் வந்து நின்றபோது, மாமனார் அதைச் சுற்றிப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

"இத்த எதுக்கு இஸ்துகினு வந்த? இது ஓடவே ஓடாது."

"ரிப்பேர் பண்ணா ஓடும், நைனா."

"நீ கண்ட. காலீல நாத்து நட போறவன கூப்புட்டு, தள்ளுடாம்பாங்க. ஏரிக்கரை மேட்டு வரைக்கும் தள்ளணும். அத்தோட அர நாள் கூலி போச்சி. இது எங்க நாலு பேரு முதுவுலதான் ஓடிச்சி. இன்ஜின்ல ஓடி நான் பாத்ததே இல்ல."

அவருக்கு அந்தக் காரின்மேல் பயமும் இல்லை, பக்தியும் இல்லை, பழைய காயம் என்று நாம் எழுதிக்கொள்ளக்கூடிய எதுவும் இல்லை. இருந்தது சுத்தமான அலட்சியம். வேலைக்கு ஆகாத மாட்டைச் சந்தையில் வாங்கிவந்த மகளைப் பார்க்கிற மாதிரி அண்ணியைப் பார்த்தார். அண்ணி சிரித்துவிட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

வண்டியைத் தூக்கி நிறுத்த ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. செங்கல்பட்டில் டாக்சிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் ஒத்துக்கொண்டார். ஆனால் பழைய பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு டீசல் இன்ஜின் வைத்துவிடலாம், அப்போதுதான் ஓட்டக் கட்டுப்படியாகும் என்று அவர் வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி வாராவாரம் மறுத்தார். "ஓட்டறதுக்கு வாங்குனா நீ சொல்றது ரைட்டு அண்ணாத்த. நான் வாங்குனது வெச்சினு இருக்கறதுக்கு. அதுல இன்னா இருந்துதோ அதுதான் இருக்கணும்." இதுதான் அவருடைய கணக்கு. குவைத் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை நம்மூருக்கு ஏற்றபடி மாற்றி வைத்திருந்தார். புதுக் கார் கடையை விட்டு வெளியே வந்த நாளில் இருந்து விலை இறங்கும். பழைய கார் ஒரு கட்டம் வரை இறங்கி, இனி இறங்க இடமில்லை என்ற இடத்தில் கொஞ்ச காலம் கிடக்கும். அப்போது வாங்க வேண்டும். பிறகு அது ஏறும், ஆனால் பழைய பொருள் பழையபடியே இருந்தால்தான் ஏறும். உதிரிச் சாமான் தேடிச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போவார். ஒருமுறை நானும் துணைக்குப் போனேன். கிரீஸ் வழியும் சந்துகளில், காய்கறிக் கடையில் கத்திரிக்காயைத் திருப்பிப் பார்ப்பதுபோல், கதவுக் கைப்பிடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒன்றைப் பொறுக்கினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்திருந்தார். முதலீடு என்று பேசுகிறவர் இப்படிக் கைப்பிடியைத் தடவிக்கொண்டு வரமாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

வண்டி கறுப்பு வண்ணம் பூசி, பளபளவென்று வீட்டு வாசலுக்கு வந்த காலையில் மாமனார் ரேஷன் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கையில் மண்ணெண்ணெய் கேன். அண்ணி சாவியைத் திருகி, ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார். இன்ஜின் ஒரு தடவை இருமிவிட்டு, பிடித்துக்கொண்டது. மாமனார் தலையைச் சாய்த்துக் கேட்டார். முன்னால் வந்து நின்று பார்த்தார், பின்னால் போய் யாராவது தள்ளுகிறார்களா என்பதுபோலப் பார்த்தார்.

"எங்க போலாம் நைனா?" என்றார் அண்ணி.

"ரேஷன் கடைக்கு போ. கூட்டம் சேந்துடும்."

பின்கதவைத் திறந்து ஏறி, நடுவில் உட்கார்ந்து, மண்ணெண்ணெய் கேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ரேஷன் கடை அந்தத் தெருக் கோடியில் இருந்தது. திரும்பி வந்ததும், "பரவால்ல, ஓடுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு எங்கே போவதானாலும் அதில்தான் போனார். மண்ணெண்ணெய் வாசம் போக அண்ணி பல நாள் கதவைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது.

அந்த வருடங்களில் பைனான்ஸ் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. எங்கள் குடியிருப்பில் பல வீடுகளில் துக்கம் விழுந்தமாதிரி இருந்தது. என் கணவர் போட்டதும் போயிற்று. பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நின்றுவிட்டு வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. அண்ணி வந்தார். குத்திக்காட்டுவார் என்று நான் பயந்தேன். அவரோ தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, "உடு. எனக்கு போவலயா? மறுபடியும் சேக்கலயா?" என்று மட்டும் சொல்லி, சோற்றைப் பிசைந்து அவர் கையில் வைத்தார்.

லேண்ட்மாஸ்டருக்குப் பிறகு, செங்கல்பட்டில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரிடம் இருந்து வெளிர்நீல ஹெரால்டு கார் ஒன்று வந்தது. பிறகு ஒரு பழைய ஜீப். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி, மாமல்லபுரத்தைச் சுற்றி விடுதிகள் முளைத்த காலம். கல்யாண ஊர்வலத்துக்கும், வெளிநாட்டுக்காரர்களைக் கோயில் சுற்றிக் காட்டவும் பழைய கார் கேட்டார்கள். அண்ணி மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பில் கொட்டகை வாடகைக்கு எடுத்து, ஹெரால்டையும் ஜீப்பையும் அங்கே நிறுத்தினார். தனியார் மருத்துவமனையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில், பிறகு கொட்டகை என்று அவர் வாழ்க்கை ஓடியது. நாங்களும் டிபன் கட்டிக்கொண்டு அங்கே போவோம். நான் நாற்பது வயதுக்கு மேல் அந்த ஜீப்பில்தான் கார் ஓட்டக் கற்றேன். சவுக்கு மரங்களுக்கு நடுவே மணலில் சக்கரம் புதைய, கணவரும் மாமனாரும் தள்ளிப்போய் நின்று சிரிக்க, அண்ணி மட்டும் சிரிக்காமல், "கிளச்ச உடாத, உடாத, இப்ப உடு," என்பார். எங்கள் குடும்பத்தின் நல்ல காலம் எது என்று கேட்டால் நான் அந்த ஞாயிறுகளைத்தான் சொல்வேன்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கோயிலுக்குப் போவதற்காக லேண்ட்மாஸ்டரைச் செங்கல்பட்டு வீட்டில் வைத்திருந்தார் அண்ணி. எங்கள் அணுபுரம் கடலில் இருந்து உள்ளே தள்ளி இருப்பதால் எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் காலையிலேயே கரையோரத்தில் இருந்து நனைந்த துணியோடு ஜனங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நான் போன் செய்தேன். கோயில் சேலையோடு அண்ணி காரை ஓட்டிக்கொண்டு வந்தார். பின் சீட்டில் அடிபட்டவர்களைப் படுக்க வைத்துச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார், திரும்பி வந்தார், மறுபடி கொண்டு போனார். நான் முன் சீட்டில் உட்கார்ந்து, பின்னால் திரும்பி, அவர் சொன்ன இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஒரு வயதான அம்மாவின் கை. ஒரு குழந்தையின் தலை. அன்றைக்கு அந்தக் கார் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அடுத்து வந்த நாட்களில் அண்ணி கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தவர்களுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தார். என் கணவர் தோப்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கொட்டகையே இல்லை, ஹெரால்டு மரத்தில் மோதி மடங்கிக் கிடக்கிறது, ஜீப்பைக் காணோம் என்று சொன்னபோது அண்ணி ஒரு பையன் காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "தோப்பு காவக்காரன் வூட்டுல எல்லாரும் கீறாங்களா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றதும், "செரி. அந்த டிஞ்சர எடு," என்றார்.

சேர்த்தவற்றில் பாதிக்கு மேல் உப்புத் தண்ணீரில் போயிற்று. சேர்த்ததை அவர் இழந்தது அது இரண்டாம் முறை. அண்ணி அதைப் பற்றி அழுது நான் பார்க்கவில்லை. ஆனால் பல மாதம் எந்த வண்டியைப் பற்றியும் பேசவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தார். எனக்கு அதுதான் கவலையாக இருந்தது.

அப்படி ஒரு ஞாயிறு மத்தியானம் வாசலில் பெரிய புதுக் கார் ஒன்று வந்து நின்றது. கருங்குழிப் பெரிய வீட்டு மகன். சென்னையில் வியாபாரம் நன்றாக நடந்து, பழைய கார் வைத்திருப்பவர்களின் கூட்டத்தில் சேர்ந்திருந்தார். அன்று எடை விலைக்கு விற்ற தாத்தா காலத்துக் கார் இப்போது செங்கல்பட்டில் ஓடுகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாசற்படியில் தயங்கி நின்றவர், கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமனாரைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா?" என்றார். அந்த வீட்டில் இருந்து மாமனாருக்கு வந்த முதல் 'ங்க' அதுவாகத்தான் இருக்கும். என் கணவர் சட்டென்று என்னைப் பார்த்தார். மாமனார் எழுந்திருக்கவில்லை.

"கீறேன். குந்துபா," என்று பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார்.

நான் டீ போட்டுக்கொண்டு போனேன். அவர் எடுத்துக் குடித்தார். பிறகு காரைப் பார்க்கப் போனார்கள். டாஷ்போர்டு, விளக்குகள், கதவுக் கைப்பிடிகள் எல்லாம் அந்தக் காலத்தில் இருந்தபடியே இருப்பதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. பின் சீட்டில் பெரிதாகப் படிந்திருந்த கறையைப் பார்த்துவிட்டு, "இத மட்டும் மாத்தாம விட்டுட்டீங்களே?" என்றார்.

"கடல் வந்த அன்னிக்கு ஜனங்கள படுக்க வெச்சி இஸ்துகினு போனது," என்றார் அண்ணி. "உங்களுக்கு வோணும்னா மாத்திக்கோங்க. எனக்கு கை வர்ல."

அவர் சீட்டைக் கையால் மெல்லத் துடைத்துப் பார்த்தார். பிறகு ஒரு விலை சொன்னார். நாங்கள் யாரும் எதிர்பார்க்காத விலை. அண்ணி கொடுக்க மாட்டார், இந்த வண்டியை அந்த வீட்டுக்குத் திரும்பக் கொடுக்கவே மாட்டார் என்று நான் உறுதியாக இருந்தேன். அண்ணி அதற்கு மேல் ஒரு விலை சொன்னார். அவர் யோசித்தார். நடுவில் ஓர் இடத்தில் சந்தித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் பணம் வந்தது, சாவி போயிற்று. சாவி கொடுத்த கையை நான் கவனித்தேன். நடுங்கவில்லை.

"மனசு வந்துதா அண்ணி?" என்று அவர் போன பிறகு கேட்டேன்.

"விக்கறதுக்குத்தான வாங்குனேன். இப்ப வித்தாதான் அத்த வாங்குனதுக்கு அர்த்தம்." வாசல் கதவைச் சாத்திக்கொண்டே, "அவன் நல்லா வெச்சிப்பான். தொடச்சி பாத்தான் பாரு, பட்டு சேலைய தொடற மாரி," என்றார். மாமனார் உள்ளே இருந்து, "இனிமே ரேஷனுக்கு நடந்துதான் போவணுமா?" என்று கேட்டார். அவருக்கு ஒரு சைக்கிள் ரிக்‌ஷா பேசிவிட்டார் அண்ணி.

அந்தப் பணத்தை என் வங்கியிலேயே போடச் சொன்னேன். போட்டார். வங்கி இருக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் போட்டார். இத்தோடு வண்டி வாங்குவது முடிந்தது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் வங்கிக்கே வந்து, "நாளிக்கி லீவு கெடைக்குமா? வாலாஜாபாத் தாண்டி ஒரு வண்டி கீதாம்," என்றார். பஸ் பிடித்துப் போனோம். மூடிப்போன ஒரு பழைய மிஷன் ஆஸ்பத்திரியின் பின்னால், வேலிக்காத்தான் புதருக்குள், பெரிய வேன் ஒன்று மண்ணில் அமிழ்ந்து நின்றது. மரச் சட்டத்தில் தகரம் அடித்த உடம்பு. வெள்ளைப் பூச்சு உரிந்து, பக்கவாட்டில் சிலுவை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. வண்டிகளைப் பற்றி அண்ணியிடம் கேட்டுக் கேட்டு எனக்கே கொஞ்சம் தெரியும். இதை வாங்க ஆள் வரமாட்டார்கள். ஊர்வலத்துக்கு ஆகாது, ஓட்டலுக்கு ஆகாது. விலை ஏறுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

அண்ணி பின்கதவை இழுத்துத் திறந்தார். உள்ளே நீளவாக்கில் படுக்கைப் பலகை, எதிரே நர்ஸ் உட்கார ஒரு சின்ன மடக்கு இருக்கை. அவர் ஏறி அந்த இருக்கையை விரித்து உட்கார்ந்தார். அது தாங்கியது.

"இங்க டிரெயினிங்ல இருக்க சொல்ல இதுலதான் ஊர் ஊரா போவோம்," என்றார். "பஸ்ஸ தவுத்து நான் ஏறுன மொத வண்டி இதான். இந்த எடத்துலதான் குந்துவேன். ஒரு வாட்டி உத்திரமேரூர் ரோட்ல, தோ இந்த பலகைலயே ஒரு கொயந்த பொறந்துது. எனக்கு பத்தொம்பது வயசு. டாக்டரம்மா முன்னால கீறாங்க, வண்டி நிக்கல. நான்தான் புடிச்சேன்."

அத்தனை வருடத்தில் அவர் இதை என்னிடம் சொன்னதில்லை. நான் வெளியே நின்று, வழக்கம்போல, எவ்வளவுக்கு வாங்கலாம், எவ்வளவுக்குப் போகும் என்று கேட்கப்போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"இத்த விக்க மாட்டேன்."

இப்போது நானும் என் கணவரும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டோம். மாமனார் இல்லை. திருப்போரூர் மனைகளின் விலை எங்கேயோ போய்விட்டது, அவற்றை வாங்காமல் விட்டதைப் பற்றி இன்றும் சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். லேண்ட்மாஸ்டர் சென்னையில் பழைய கார்கள் அணிவகுக்கும்போது பத்திரிகைப் படத்தில் வரும். பின் சீட்டைப் பெரிய வீட்டு மகன் மாற்றவில்லை என்று கேள்வி. வேன் செங்கல்பட்டு வீட்டின் பக்கத்தில் தகரக் கொட்டகையில் நிற்கிறது. ஓடும், ஆனால் அதிகம் ஓட்டுவதில்லை. போன ஞாயிறு நான் போனபோது வீட்டில் ஆளைக் காணோம். கொட்டகைக்குப் போனேன். வேனின் பின்கதவு இரண்டும் திறந்திருந்தது. பலகையில் மெல்லிய மெத்தை போட்டு, தலையணை வைத்து, காற்று வரும் பக்கம் காலை நீட்டி, அண்ணி மத்தியானத் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தார். நான் மடக்கு இருக்கையை விரித்து உட்கார்ந்தேன். சத்தத்தில் கண்ணைத் திறந்தார்.

"புழுக்கமா இல்லயா அண்ணி?" என்றேன்.

"நல்லா கீது," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் படுத்துக்கொண்டார்.